கடைமடை வேட்டைக்காரர்

திருப்பனந்தாளில் ஒருவர் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியை மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனால் அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். பின்னால் இரண்டு மூட்டை நெல் இருக்கும். அல்லது பெட்ரோல் தீரும் நிலையில் இருக்கும். இரண்டும் இல்லையென்றால் அவர் முட்டை அடைகாக்கிறார்.

முட்டை போனுக்குள் இருக்கிறது. போக்கிமான் கோ விளையாட்டில் 2, 5, 10 கிலோமீட்டர் நடந்தால் பொரிக்கிற முட்டைகள் உண்டு. நடக்க வேண்டும் என்பது சட்டம். மணிக்குச் சுமார் பத்தரை கிலோமீட்டருக்குள் எப்படிப் போனாலும் அது நடைதான் என்று விளையாட்டு நம்பிவிடும் என்பது சட்டத்தின் ஓட்டை. அந்த ஓட்டைக்குள் ஒரு எக்ஸ்.எல். தாராளமாக நுழையும். அணைக்கரைச் சாலையில் சைக்கிளில் வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவரை முந்திப் போகும்போது, "என்ன மாமா, வண்டி மக்கர் பண்ணுதா?" என்று அக்கறையோடு விசாரிப்பார்கள். அவரும் "ஆமாம்ப்பா, பிளக்குல அடைப்பு" என்பார். மூன்று வருஷமாக அந்த பிளக் சுத்தமாகவில்லை.

வேகம் கூடிவிட்டால், வண்டி ஓட்டும்போது விளையாடக் கூடாது என்று திரையில் எச்சரிக்கை வரும். அதன் கீழே 'நான் பயணி' என்று ஒரு பொத்தான். எக்ஸ்.எல்.லில் தன்னந்தனியாகப் போகிறவர் புளியமரத்தடியில் ஓரங்கட்டி, அக்கம்பக்கம் பார்த்து, அந்தப் பொத்தானை அமுக்குவார். பிளக் கதையை விட்டால், அவர் வாழ்க்கையில் சொல்லும் பொய்கள் இரண்டு. ஒன்று இது. இன்னொன்று டீக்கடையில் சொல்வது. அதைப் பிறகு பார்ப்போம்.

இவரைப் போல் ஊருக்கு ஒருவர் இருக்கிறார். வயது முப்பதைத் தாண்டியிருக்கும், நாற்பதைத் தொட்டிருக்காது. மடித்துக் கட்டிய வேட்டி, சட்டைப்பையில் பவர் பேங்க், அதிலிருந்து போனுக்கு ஒரு ஒயர். தூரத்தில் இருந்து பார்த்தால் ஏதோ வைத்தியத்தில் இருக்கிறவர் மாதிரி இருக்கும். நிறம் மாறிப் பிறக்கும் அபூர்வ போக்கிமானுக்கு 'ஷைனி' என்று பெயர். சாதாரண நாளில் ஐந்நூறு பார்த்தால் ஒன்று வரும் என்பது ஆட்டக்காரர்கள் கூட்டிக் கழித்து வைத்திருக்கும் கணக்கு. அதையே சதா தேடுவதால் தெருப் பையன்கள் அவருக்கு ஷைனி அண்ணன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ரேஷன் கார்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது.

இந்த விளையாட்டு 2016 ஜூலையில் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வந்தது. அந்த மாதமே நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் வேப்பொரியான் என்ற ஒரு ஜந்துக்காக இரவில் கூட்டம் தலைதெறிக்க ஓடியதை உலகமே வீடியோவில் பார்த்தது. இந்தியாவுக்கு அதிகாரபூர்வமாக வந்தது அந்த வருஷம் டிசம்பரில், ஜியோவோடு கைகோத்துக்கொண்டு. ஆனால் செப்டம்பரிலேயே குஜராத் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு வந்துவிட்டது. வழிபாட்டுத் தலங்களில் முட்டை கிடைப்பதாகக் காட்டுவது பக்தர்கள் மனத்தைப் புண்படுத்துகிறது என்பது புகார். நீதிமன்றம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. மாப்பிள்ளை வருவதற்கு முன்பே விவாகரத்து நோட்டீஸ் வந்த கதை.

முட்டைக்கும் கோயிலுக்கும் சம்பந்தம் வந்ததற்குக் காரணம் எளிது. பந்தும் பரிசும் முட்டையும் தருகிற 'ஸ்டாப்' என்ற இடங்கள், பார்க்கத் தகுந்த கட்டடங்கள், சிலைகள், மண்டபங்கள் உள்ள இடங்களில் வைக்கப்பட்டவை. டெல்டாவில் அப்படிப் பார்த்தால் கோயில் தவிர வேறு என்ன கிடைக்கும்? 2022 டிசம்பரில் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஷைனி அண்ணனுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. கொரோனா காலத்தில் ஸ்டாப்பின் எல்லையை 40 மீட்டரில் இருந்து 80 மீட்டராக நீட்டியிருந்தார்கள். மறுபடி சுருக்கப் பார்த்தபோது உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் கூச்சல் போட்டு 80 மீட்டரையே நிலைக்க வைத்தார்கள். ஆகவே அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் பூக்கடை நிழலில் நின்றபடியே காரியத்தை முடித்துவிடுவார். ஆள்காட்டி விரலால் திரையில் வட்டம் வட்டமாகச் சுழற்றி, சட்டென்று மேல்நோக்கித் தள்ளுவார். வளைந்து போய் விழும் பந்துக்குப் பிடிமானம் அதிகம். பூக்கட்டும் அம்மா இதை மாதக்கணக்கில் கவனித்துவிட்டு ஒருநாள் பரிதாபத்தோடு கேட்டார்: "தம்பி, கண்ணாடில அழுக்கு போகலன்னா கொஞ்சம் விபூதி போட்டுத் தொடையேன்."

இனி வேட்டையின் மரியாதைகள்.

போக்கிமான் பிடிப்பதில் போட்டியே கிடையாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கோயில் வாசலில் ஓர் அபூர்வ ஜந்து வந்தால் அங்கே நிற்கிற பத்துப் பேருக்கும் தனித்தனியாக ஒவ்வொன்று உண்டு. ஒருவர் பிடித்தால் இன்னொருவருக்குக் குறைவதில்லை. ஒருவர் போனில் ஷைனியாக வந்தது அடுத்தவர் போனில் சாதாரணமாக நிற்கும். வடை மாதிரி எண்ணி வைத்தது இல்லை. தூர்தர்ஷன் மாதிரி, அவரவர் பெட்டியில் அவரவர் பார்க்க வேண்டியது.

நிஜமான அடிதடி வேறு விளையாட்டுகளில் இருக்கிறது. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்டில் 2008-இல் வந்த பகுதி ஒன்றில் ஷோலஜார் பேசின் என்று ஓர் இடம். பெயரைக் கேட்டால் ராஜராஜன் வெட்டிய வாய்க்கால் என்றே தோன்றும். அங்கே லோக்கனஹாக் என்ற ஆவிச் சிறுத்தை திரியும். எண்ணிக்கையில் ஒன்றே ஒன்று. ஒருவர் பழக்கிக் கூட்டிப் போய்விட்டால் மறுபடி அது தோன்றும் வரை மற்றவர்கள் மணிக்கணக்காகக் காட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வேட்டைக்காரருக்கு அது உயிரோடு வேண்டும். சாதனைப் பட்டியலில் ஒரு டிக் அடிக்க நினைக்கிறவருக்கு அதைக் கொன்றால்தான் கணக்கு. அப்படியானால் சிறுத்தை யாருக்குச் சொந்தம்? முதலில் பார்த்தவருக்கா, முதலில் கை வைத்தவருக்கா, ராத்திரி முழுக்கக் காத்திருந்தவருக்கா?

மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கிற தண்ணீருக்காகத் தலைமுறை தலைமுறையாக இதே கேள்வியைக் கேட்டுப் பழகியவர் ஷைனி அண்ணன். "இதுல என்ன குழப்பம்? முறை வச்சு விட்டா முடிஞ்சுது" என்பார். தலைமடை, கடைமடை, யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்று முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிற நாட்டில் பிறந்தவருக்கு ஆவிச் சிறுத்தையும் ஒரு மடைத் தண்ணீர்தான்.

அந்த முறையை அவர் போக்கிமானில் கொண்டு வந்து வைத்த இடம், அணிகள் மோதிப் பிடிக்கிற ஜிம். ஒரு ஜிம்மில் ஆறு போக்கிமான்கள் காவல் நிற்கலாம். பத்து நிமிஷத்துக்கு ஒரு நாணயம். ஒரு நாளைக்கு 50-க்கு மேல் கிடையாது. அதாவது 8 மணி 20 நிமிஷம் நின்றால் போதும். ஆனால் இதில் ஒரு வினோதமான விதி உண்டு. எதிரி அடித்துத் துரத்தினால்தான் அந்த நாணயம் கைக்கு வரும். யாரும் அடிக்காவிட்டால் பத்து நாள் நின்றாலும் சம்பளம் வராது. ஆகவே எதிரி என்பவர் இங்கே கணக்குப்பிள்ளை மாதிரி. ஷைனி அண்ணன் சிவப்பு அணி. பிளஸ் டூ படிக்கும் ஒரு பையன் நீல அணி. இருவருக்கும் தினமும் சாயங்காலம் இப்படிப் பேச்சு நடக்கும்:

"தம்பி, காலைலேருந்து நிக்கிறேன். கொஞ்சம் வந்து அடிச்சு வெளியேத்திடுப்பா."

"டியூஷன் இருக்குண்ணே. ஏழு மணிக்கு அடிக்கிறேன், போதுமா?"

"ராத்திரி பன்னெண்டு தாண்டிடாம பாத்துக்கோ. நாளைக் கணக்குல போயிடும்."

நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் இருப்பதன் அருமை இந்த இடத்தில்தான் விளங்கும்.

இந்த ஒப்பந்தத்தை மதிக்காத ஒரே ஜாதி கும்பகோணத்து ஆட்டக்காரர்கள். அவர்கள் தலைமடை. மகாமகக் குளத்தைச் சுற்றியே பதினாறு மண்டபங்கள். திரும்பின பக்கமெல்லாம் கோயில். ஒரே இடத்தில் உட்கார்ந்து நாலு ஸ்டாப்பைச் சுற்றுகிற சுகவாசிகள். அப்படி ஒருவர் சென்னைக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருவார். திருப்பனந்தாளில் பஸ் நிற்கும் ஐந்து நிமிஷத்தில், காலை ஆறு மணிக்குத்தான் காவலுக்கு வந்த ஷைனி அண்ணனின் போக்கிமானை அடித்துத் துரத்திவிட்டு, தன்னுடையதை நிறுத்திவிட்டுப் போய்விடுவார். பத்தே நிமிஷக் காவலுக்கு ஒரே ஒரு நாணயம். "தலைமடைக்காரன் புத்தி. போற போக்குல மடைய அடைச்சுட்டுப் போறான்" என்று அன்று முழுக்கச் சோறு இறங்காது.

பெரிய போக்கிமானைக் கூட்டாக அடித்து வீழ்த்துகிற ரெய்டு என்பது இதற்கு நேர் எதிர். அங்கே ஆள் சேர்ந்தால்தான் வேலை. திருப்பனந்தாள் தலபுராணத்தில் ஒரு பக்தைக்காகத் தலை சாய்த்த லிங்கத்தைச் சோழ மன்னனின் யானைகள் இழுத்தும் நிமிர்த்த முடியவில்லை. குங்கிலியக் கலய நாயனார் தன் கழுத்தில் கயிற்றைக் கட்டித் தனியாளாக இழுத்து நிமிர்த்தினார். ஐந்து நட்சத்திர ரெய்டில் அந்தக் கணக்கு செல்லாது. முட்டை வெடித்து ரேக்வாசா என்ற அந்தப் பெரிய போக்கிமான் வெளியே வந்தால் 45 நிமிஷம் இருக்கும். அதற்குள் ஊரில் இருக்கிற மூன்று பேரையும் திரட்ட வேண்டும். ஒருவர் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குக் காவல். ஒருவருக்கு மாமியார் வீட்டில் விருந்து. மிச்சம் பிளஸ் டூ. 2020 ஏப்ரலில், ஊரடங்கில், தூரத்தில் இருந்தே ரெய்டில் சேரும் பாஸ் வந்த பிறகுதான் இந்த ஊர் ரேக்வாசாவின் முகத்தைப் பார்த்தது. ரெய்டுக்குள் வந்து ஒரு அடியும் அடிக்காமல் நின்றுவிட்டுப் பரிசுக்கு மட்டும் கை நீட்டுகிறவர்களைப் பற்றி அவரிடம் கேட்காதீர்கள். பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்துவிட்டு மொய் எழுதாமல் போகிறவனுக்கு என்ன பெயரோ, அதே பெயர்.

மொய் என்றதும் நினைவு வருகிறது. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடக்கும். போக்கிமானில் அது வருஷம் முழுக்க நடக்கிறது. நண்பர்களுக்கு தினம் ஒரு பரிசுப் பை அனுப்ப வேண்டும். அனுப்பினால் திரும்பி வர வேண்டும். வரவில்லையென்றால் மனத்தில் ஒரு நோட்டு இருக்கிறது. இப்படி 90 நாள் போக்குவரத்து வைத்திருந்தால் நெருங்கிய நட்பு. இதில் உணர்ச்சி மட்டும் இல்லை, ரேட்டும் உண்டு. நம்மிடம் இல்லாத ஷைனி ஒன்றைப் புது நண்பரிடம் மாற்றிக்கொள்ள 10 லட்சம் நட்சத்திரத்தூள். 90 நாள் நண்பர் என்றால் 40 ஆயிரம். உறவின் அருமையை இவ்வளவு துல்லியமாக எந்தச் சம்பந்தியும் கணக்குப் போட்டதில்லை.

மாற்றிக்கொள்ள ஆள் பக்கத்திலேயே, 100 மீட்டருக்குள் நிற்க வேண்டும் என்பது பொது விதி. அதனால்தான் ஆஸ்திரேலியாவில் இருந்து அத்தை மகன் கல்யாணத்துக்கு வந்தால், வரவேற்பு முடிவதற்குள் இவர் அவனை மண்டபத்துச் சமையல்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடுவார். ஒரு காலத்தில் வெளிநாட்டுக்காரர் கொண்டு வருவது கோடாலித் தைலமும் செண்டும். இவர் கேட்பது ஆஸ்திரேலியாவில் மட்டும் கிடைக்கிற கங்காஸ்கான். பதிலுக்கு என்ன தருவது? நம் பக்கத்தில் கிடைக்கிற டார்கோல். ஓட்டுக்குள் நிலக்கரி எரித்துப் புகைவிடும் ஆமை. கொள்ளிடத்துக்கு வடக்கே நெய்வேலி இருக்கும்போது இந்தப் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பிராணி அமையாது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த அத்தைக்கு, மகன் கடல் கடந்து வந்து ஆமை வாங்கிப் போவது இன்றுவரை தெரியாது.

அவர் மன்னிக்காத குற்றம் ஒன்று உண்டு. ஜி.பி.எஸ்.ஸை ஏமாற்றி, வீட்டுக் கட்டிலில் படுத்தபடி டோக்கியோவில் திரிகிறவர்கள். ஸ்பூஃபர் என்று பெயர். பிடிபட்டால் முதல்முறை 7 நாள் எச்சரிக்கை, இரண்டாம் முறை 30 நாள் தடை, மூன்றாம் முறை நிரந்தரத் தடை. இந்தப் பேச்சு வந்தால் ஷைனி அண்ணன் காசி மடம் இருக்கிற திசையில் கையைக் காட்டுவார். "குமரகுருபரர் காசிக்கு நேர்ல போனாரு. பாதுஷாவப் பாக்க சிங்கத்து மேல ஏறிப் போனாருன்னு சொல்றாங்க. லொகேஷன் மாத்திக்கிட்டா போனாரு?" இவ்வளவு ஆவேசமாகப் பேசுகிறவர், பக்கத்து ஊர் ஸ்பூஃபர் ஒருவர் தாமாக முன்வந்து ஒரு டோரோஸ் தந்தபோது வாங்கிக்கொண்டார். அமெரிக்க மாடு. கேட்டால், "நான் பறக்கல. பறந்து வந்தத வாங்கினேன், அவ்வளவுதான்" என்கிறார்.

இப்போது அந்த இரண்டாவது பொய்.

மாதம் ஒரு சனி அல்லது ஞாயிறு, பிற்பகல் 2 முதல் 5 வரை கம்யூனிட்டி டே. அன்று ஷைனி இருபத்தைந்துக்கு ஒன்று என்ற கணக்கில் கொட்டும். சித்திரை வெயிலில் கோயில் வாசலில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு, முகம் கறுத்து டீக்கடைக்கு வருவார்கள். எத்தனை கிடைத்தது என்று கேட்பது சம்பளம் கேட்கிற மாதிரி. யாரும் உண்மை சொல்வதில்லை. "ஏதோ ரெண்டு மூணுண்ணே" என்பதுதான் பதில். கண் படும் என்பது ஒரு காரணம். இந்த ஊரின் எழுதாத சட்டம் இன்னொரு காரணம்: ஷைனி கிடைத்தவர்தான் எல்லாருக்கும் டீ சொல்ல வேண்டும்.

சாதாரண நாளிலும் இதே நாடகம்தான். சாயங்காலம் ஆறரை மணி. பெஞ்சின் ஒரு முனையில் ஷைனி அண்ணன், மறு முனையில் பிளஸ் டூ. இருவரும் ஒரே நேரத்தில் போனை நெஞ்சோடு அணைத்து முதுகைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஒயர் இழுபட்டு பவர் பேங்க் பையிலிருந்து வெளியே தொங்குகிறது. மாஸ்டர் பாலை ஆற்றியபடியே கேட்கிறார்:

"என்னப்பா, ஏதாச்சும் மாட்டுச்சா?"

"ஒண்ணுமில்ல. நெட்டே வரல."

"எனக்கும் வரலண்ணே."

மாஸ்டர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. மூன்று கிளாஸ் எடுத்து வைக்கிறார். மூன்றாவது அவருக்கு. இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எந்த வாய் சிரிப்பை அடக்க முடியாமல் கோணுகிறதோ அந்தப் பெயருக்கு நேரே நோட்டில் மூன்று டீ என்று எழுதிக்கொள்கிறார்.