கேற்றைப் பூட்டியவன் மைதானத்திலேயே இல்லை

நாங்கள் நடத்துவது ஊர் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி. எங்களைத் தேடி எந்த ஹெக்கர் வரப்போகிறான்?
- வாசகர், பேசாலை

தேடி வரத் தேவையில்லை. ஒரே பொய் மின்னஞ்சலைப் பல்லாயிரம் பேருக்கு அனுப்பிவிட்டு, யார் திறக்கிறார் என்று காத்திருப்பான். பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையம் 2020 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையை எல்லாக் கழகச் செயலாளர்களும் படிக்க வேண்டும். இங்கிலாந்தின் உதைபந்தாட்டக் கழகம் ஒன்றின் கணினிகளை முடக்கி, 400 பிட்கொயின் கேட்டார்கள். கழகம் கொடுக்கவில்லை. ஆனால் கண்காணிப்புக் கெமராக்களும் நுழைவாயில்களும் இயங்காமல் போய், போட்டியே நின்றுபோகும் நிலை வந்தது. அலுவலகக் கணினி முதல் கேற் வரை எல்லாம் ஒரே வலையமைப்பில் கிடந்ததால் வந்த வினை. நம் மைதானக் கேற்றுக்கு இன்னும் திறப்புத்தான்; அதுவரை நல்லது.

ஒலிம்பிக்கையே அசைத்தார்களாமே?
- வாசகர், தலைமன்னார்

அசைத்தார்கள், நிறுத்த முடியவில்லை. 2018 பெப்ரவரி 9, தென்கொரியாவின் பியோங்சாங். தொடக்க விழா நேரத்தில் வைஃபை விழுந்தது, இணையத்தளம் முடங்கியது, பலரால் நுழைவுச்சீட்டை அச்சிட முடியவில்லை. தொழில்நுட்பக் குழு இரவு முழுக்க உழைத்து, விடியும்போது எல்லாவற்றையும் மீட்டது. வடகொரியாதான் செய்தது என்று நம்பவைக்கும் தடயங்களை வேண்டுமென்றே விட்டுப்போயிருந்தார்கள். 2020 ஒக்டோபரில் அமெரிக்கா குற்றம்சாட்டியதோ ரஷ்ய இராணுவ உளவுப் பிரிவினர் ஆறு பேர் மீது.

வெளிநாட்டு உறவுகளுக்காக பேஸ்புக்கில் நேரலை செய்கிறோம். பக்கத்தின் கடவுச்சொல் அணியில் எல்லோருக்கும் தெரியும். தவறா?
- வாசகர், வங்காலை

பதினொரு பேரும் பந்துக்காப்பாளராக நின்றால் கோலை யார் காப்பது? கடவுச்சொல்லைப் பகிரவே வேண்டாம். ஒவ்வொருவருக்கும் அவரவர் கணக்கிலிருந்தே தனித்தனி அனுமதி கொடுக்கலாம். அந்தக் கணக்குகளுக்கு இரண்டடுக்குப் பாதுகாப்புப் போடுங்கள். பக்கம் கைமாறினால் போவது நேரலை மட்டுமல்ல. நன்கொடைக்கான வங்கிக் கணக்கு இலக்கத்தை மாற்றிவிடுவான். லண்டனில் இரவு வேலை செய்து தம்பி அனுப்பும் காசு கள்ளனுக்குப் போகும். அதைத்தான் என்னால் பொறுக்க முடியாது.

கழகத் தலைவரின் வாட்ஸ்அப்பிலிருந்து, “உங்களுக்கு ஆறு இலக்கம் தவறி வந்திருக்கும், அனுப்புங்கள்” என்று செய்தி வந்தது.
- வாசகர், பள்ளிமுனை

அனுப்பாதீர்கள். அது உங்கள் வாட்ஸ்அப் கணக்கைத் திறக்கும் குறியீடு. தலைவருக்கு அழைப்பெடுத்துக் குரலைக் கேளுங்கள். அவருடைய கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கும், அடுத்தது உங்களுடையது.

மைதானத்தில் இலவச வைஃபை கொடுக்கலாமா?
- வாசகர், எருக்கலம்பிட்டி

தாராளமாக. நேரலைக்கும் புள்ளிப்பதிவுக் கணினிக்கும் மட்டும் வேறு இணைப்பு இருக்கட்டும். ரவுட்டர் கடையிலிருந்து வந்தபோது இருந்த கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள்.

வீரர்களின் விவரங்கள் எல்லாம் ஒரே மடிக்கணினியில்தான் இருக்கின்றன. போதுமா?
- வாசகர், முருங்கன்

போதாது. 2023 ஓகஸ்டில் நம் அரசாங்கத்தின் மேகக் கணினியையே தாக்கினார்கள். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் தொலைந்தன. அந்தக் காலத்துக்குப் பிரதி இருக்கவில்லை. நீங்கள் ஒரு பிரதியை இணையத்தோடு தொடுக்காத பென் டிரைவில் வையுங்கள். அதைவிட எனக்குப் பெரிய கவலை, 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்ப் படங்கள். வயதைச் சரிபார்க்கத்தான் வாங்கினீர்கள்; சுற்றுப்போட்டி முடிந்ததும் அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கிடப்பவற்றையும் சேர்த்துத்தான்.

பக்கம் பறிபோனால் யாரிடம் சொல்வது?
- வாசகர், சிலாவத்துறை

கணினித் தாக்குதல்களைக் கையாளும் இலங்கை சேர்ட் அமைப்புக்கு 101இல் அழையுங்கள்; பொலிஸிலும் முறைப்பாடு செய்யுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி இது குற்றம். எதையும் அழிக்கும் முன் திரையைப் படமெடுத்து வையுங்கள். பணம் கேட்டுக் கள்ளன் அனுப்பிய செய்தியும் அதிலுள்ள வங்கிக் கணக்கு இலக்கமும் படத்தில் தெளிவாகத் தெரியட்டும்.