போட்டதை எடுத்தவர்

சூதாட நெவாடாவின் ரீனோவுக்குப் போய் வந்தவர்களில் தோற்றவர் யாரையாவது பார்த்திருக்கிறீர்களா? "எவ்வளவு சார் போச்சு?" என்று கேளுங்கள். "போட்டதை எடுத்துட்டேன்" என்பார், கண்ணை மட்டும் வேறெங்கோ வைத்துக்கொண்டு.

எடுத்த விதம்தான் விசேஷம். ஆடுகிறவரை கேசினோவில் பீர் இலவசம். நாலு குடித்திருக்கிறார், வெளிவிலையில் அது வரவு. பார்க்கிங்குக்குக் காசில்லை, வரவு. அறை வாடகையில் தள்ளிக் கொடுத்தது வரவு. சம்சாரம் கடைக்குப் போயிருந்தால் வாங்கியிருக்கக்கூடிய கைப்பையும் வரவு. அப்படியும் துண்டு விழுந்தால் இருக்கவே இருக்கிறது, ஆடாமல் விட்ட ஆட்டம்: "ரூலட்ல 17-ல நூறு டாலர் வைக்கலாம்னு பார்த்தேன், வைக்கல. வச்சிருந்தா போயிருக்கும்." நூறு டாலர் வரவு!

1931-இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிய நெவாடாவில் மாநில வருமான வரியே கிடையாது. வந்தவரெல்லாம் போட்டதை எடுத்துக்கொண்டு போனால் அவர்கள் எதை வைத்து அரசாங்கம் நடத்துகிறார்களோ.

இத்தனைக்கும் எங்களை அங்கே கூட்டிப்போன மனுஷர் சோறு தின்பதே புள்ளியியலில்தான். அமெரிக்க ரூலட் சக்கரத்தில் 38 குழி, எண் விழுந்தால் கொடுப்பது 35 மடங்கு, போடுகிற ஒவ்வொரு 100 டாலரிலும் சராசரியாக 5.26 கேசினோவுக்கு என்று சியரா நெவாடா மலையேறும்போது பாடம் நடத்தினார். டானர் கணவாய்க்கு முன்னால் பனிக்கு டயரில் சங்கிலி மாட்ட வண்டி நின்றது, பாடம் நிற்கவில்லை. அதே ஆள் சக்கரத்தைக் கண்டதும், "ஆறு தடவை கறுப்பு வந்தாச்சு, இனி சிவப்புதான்" என்கிறார். சக்கரத்துக்கு ஞாபகசக்தி இருக்கிறதாம்.

எனக்கு எரிச்சல் அதில் இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் டாஹோ ஏரி, 1,645 அடி ஆழம், சுற்றிலும் பனிமலை. அதைக் காட்டுகிறேன் என்றுதான் எல்லாரையும் கிளப்பினார். 21 வயதுக்குக் குறைந்தவர்கள் ஆட்டக்கூடத்தில் நிற்கக்கூடாது என்பது சட்டம்; அதனால் அவர் சம்சாரம் பிள்ளைகளோடு லாபியிலேயே உட்கார்ந்திருந்தார். சறுக்குப் பலகை பெட்டியிலிருந்து வெளியே வரவே இல்லை. "பத்து நிமிஷம், போட்டதை எடுத்துட்டு வந்துடறேன்" என்றார். இருட்டிவிட்டது. பார்த்ததெல்லாம் கேசினோக் கம்பளம்தான்.

திரும்பும்போது பெட்ரோலுக்கு என் கார்டுதான். அந்தப் பணம் இன்னும் வரவில்லை. அவர் கணக்கில் அது எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது என்று கேட்கவும் பயமாக இருக்கிறது.