சர்வே சார்

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் சாலையில், வண்டியின் முன்பக்கக் கொக்கியில் ரெக்சின் பை தொங்க, சட்டைப் பையில் பவர் பேங்க் துருத்த, கழுத்தில் அடையாள அட்டை ஆட ஒருவர் போனால் அவரை எல்.ஐ.சி. ஏஜென்ட் என்று நினைத்துவிடக் கூடாது. குப்பத்து நாய்களுக்கே வித்தியாசம் தெரியும். ஏஜென்டைப் பார்த்தால் குரைக்கும். இவரைப் பார்த்தால் எழுந்துகூடப் பார்க்காது. ஏதோ ஒரு சின்ன டிரஸ்டின் களப்பணியாளர் இவர். அலுவலகத்தில் ‘ஃபீல்டு கோஆர்டினேட்டர்’, குப்பத்தில் ‘சர்வே சார்’.

சர்வே சார் என்பது ஓர் ஆளல்ல, ஒரு வம்சம். அந்த வம்சம் பெருகியது 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு. சுனாமி போன கையோடு ஆளுக்கொரு நோட்டுடன் வந்து படகை எண்ணினார்கள். ஒருவர் எண்ணியது இன்னொருவருக்குத் தெரியாது. கடைசியில் தமிழகக் கரையின் பல ஊர்களில், அலை கொண்டுபோனதைவிட அதிகமான ஃபைபர் படகுகள் வந்து இறங்கின. அன்று முதல் கடற்கரைக்காரர்கள் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே எதிர்க்கேள்வி போடுகிறார்கள்: “இன்னா சார், நிவாரணமா, லோனா?” நிவாரணம் என்றால் வலை கந்தல், லோன் என்றால் அதே வலை புத்தம் புதுசு. இரண்டும் இல்லை, வெறும் ஆய்வு என்று உண்மையைச் சொன்னால் டீகூடக் கிடைக்காது.

இப்போது நோட்டு போய் செல்போன் வந்துவிட்டது. அதில் கோபோ என்ற செயலி. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மனிதாபிமான ஆய்வுப் பிரிவு பேரிடர்க் காலங்களை மனதில் வைத்து உருவாக்கியது. சிக்னல் இல்லாவிட்டாலும் பதிவு செய்துகொள்ளும், கிடைத்ததும் அனுப்பிவிடும். கையில் காசில்லாத சின்ன நிறுவனங்களுக்கு உண்மையிலேயே வரப்பிரசாதம். செயலியைக் குறை சொல்லி என்ன? அதில் ஏற்றியிருக்கும் கேள்விகளை எழுதியவர் சென்னையில் ஏ.சி. அறையில் இருக்கிறார்.

“மாச வருமானம் எவ்வளவு அண்ணே?”

“மாசமா? முகத்துவாரம் தொறந்திருந்தா ஒரு கணக்கு, மண்ணடிச்சு மூடிக்கினா ஒரு கணக்கு. நீ எந்தக் கணக்கைக் கேக்கற?”

கேட்டவருக்கு இது புரியும். வங்கக் கடலோடு பழவேற்காடு ஏரியைச் சேர்க்கும் அந்த வாய் தூர்ந்தால் இறால் வரத்தும் நின்றுவிடும், படகு கடலுக்குப் போகவும் வழியிருக்காது. ஆனால் கேள்விக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் இருக்கிறது. எண் போடாமல் அடுத்த பக்கம் திறக்காது. சர்வே சார் வானத்தைப் பார்க்கிறார், ஏரியைப் பார்க்கிறார், ஓர் எண்ணைப் போடுகிறார். திறந்துகொள்கிறது.

வீட்டில் ஆட்களைப் பிடிப்பது அடுத்த வித்தை. விடியலில் போனால் ஆண்கள் தண்ணீரில், பெண்கள் மீன் ஏலத்தில். பதினொரு மணிக்குப் போனால் எல்லாரும் தூக்கத்தில். ஆகவே சர்வே சார் ஸ்ரீஹரிகோட்டாவை நம்பியிருக்கிறார். ராக்கெட் ஏவும் நாளில் அந்தப் பக்கம் கடலுக்குப் போகத் தடை. குப்பமே கரையில் உட்கார்ந்து வலை பின்னும். அன்று அவருக்கு அறுவடை. “இன்றைய பிடிப்பு எத்தனை கிலோ” என்ற கேள்விக்கு வரிசையாகப் பூஜ்யம் விழுகிறது. தலைமை அலுவலகம் அதைப் பார்த்து மீன்வளம் அடியோடு அழிந்துவிட்டதென்று பதறுகிறது.

பாடு முறைக்கு வந்தால் செயலி மூச்சுவிடத் திணறும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஆகிய ஊர்களில், ஏரியின் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை போடலாம் என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாடு அது. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பே 1991-இல் இதைப் பற்றி செபாஸ்டியன் மேத்யூ எழுதிய ஆய்வை வெளியிட்டது. கேள்வித்தாளோ, “தொழில் செய்யும் இடம்: சொந்தமா, குத்தகையா?” என்கிறது. இன்று ஒருவனுக்கு, நாளை வேறொருவனுக்கு என்று கைமாறும் தண்ணீரை எதில் சேர்ப்பது? யார் முறை என்றைக்கு என்று திண்ணையில் உட்கார்ந்தபடி பெரியவர் தேதி தவறாமல் ஒப்பிப்பார். பேக்கப் எடுக்கச் சொல்லி யாரும் அவருக்கு மெயில் அனுப்புவதில்லை.

சாயங்காலம் தரவைச் சுத்தம் செய்யும் படலம். பழவேற்காடு, பலவேற்காடு, பழவேர்காடு, புலிகாட்: எக்செல் கணக்குப்படி நான்கு ஊர்கள். இதற்கென்று தனி ஆள் போட வசதி ஏது? வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பையும் 2020-இல் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக வெட்டிவிட்டார்கள். ஆகவே கணக்கெடுப்பவர், திருத்துபவர், போட்டோ பிடிப்பவர், பயிற்சிக்குப் பிரியாணி சொல்பவர் எல்லாமே ஒருவர்தான். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது அவருக்கும் தெரியும். குப்பத்தின் பாதி ஆதார் அட்டைகள் அவர் வாட்ஸ்அப்பில், பேரக்குழந்தையின் பிறந்தநாள் படங்களுக்கு நடுவே, பத்திரமாக இருக்கின்றன.

அவரிடம் ஒரு நீள நோட்டும் உண்டு. யார் யாரிடம் அட்வான்ஸ் வாங்கி மீனை அவருக்கே போடுகிறார், எந்த அமாவாசைக்கு நண்டு ஏறியது, யார் வீட்டுப் பெண் கல்லூரிக்குப் போவதை நிறுத்தினாள்... எல்லாம் அதில். நான் அறிந்தவரை பழவேற்காட்டைப் பற்றிய நல்ல தரவு இத்தகைய நோட்டுகளில்தான் இருக்கிறது. புராஜெக்ட் முடிந்ததும் அது அவர் வீட்டுப் பரணுக்குப் போகும். யாரும் கேட்பதில்லை.

ஏரியில் கைகளால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களிடம் அவர் போன நாளை மட்டும் சொல்லிவிட வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் நின்று, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைத் தடவிப் பிடிக்கிறார்கள்.

“என்ன வலைம்மா?”

வாயில் பறி. அந்த அம்மா பதில் சொல்லவில்லை. சேறு வழியும் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். பட்டியலில் ஏழு வகை வலை இருந்தது, கை இல்லை. ‘மற்றவை’ என்று அழுத்தினார்.

அடுத்த வீட்டாருக்கும் மற்றவை, அதற்கடுத்தவர்களுக்கும் மற்றவை. அறிக்கையின் வட்ட வரைபடத்தில் அந்தத் துண்டு பூசணிக் கீற்றாகப் பெருத்துவிட்டது. “இவ்வளவு மற்றவை இருந்தால் ஃபண்டர் என்ன நினைப்பார்? இருக்கிற வகைகளில் பிரித்துப் போடுங்கள்” என்று மேலிடத்திலிருந்து போன். பிரித்துப் போட்டார். அடுத்த ஆண்டுத் திட்டத்தில் இருளர் பெண்களுக்கு மூன்று நாள் வலைப் பராமரிப்புப் பயிற்சி சேர்ந்துவிட்டது, மதியச் சாப்பாட்டோடு. கலந்துகொள்வோர் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு சர்வே சாருக்கு. ஆளுக்கு இரண்டு போட்டோவும் ஆதார் நகலும் வேண்டுமாம்.