எங்கள் தெரு நாவலர்

எங்கள் தெருவில் அவருக்கு ‘நாவலர்’ என்று பெயர். மேடைப்பேச்சால் வந்த பட்டம் இல்லை; நாவல் எழுதப்போவதாகச் சொல்லிச் சொல்லி வந்தது. யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். இதுவரை அவர் எழுதியதெல்லாம் நாவினால்தான்.

வயது 52. புதுமைப்பித்தன் 42 வயதில் போய்ச் சேர்ந்தபோது நூறு கதைகளுக்குப் பக்கமாக எழுதி முடித்திருந்தார் என்பதை நாவலரே ஒருநாள் சொன்னார். சொல்லும்போது முகத்தில் துளி சங்கடம் இல்லை. மனுஷன் அவசரப்பட்டுவிட்டார் என்ற தொனிதான் இருந்தது. தன் முப்பதாவது வயதில், ‘கி.ரா. முப்பதைத் தாண்டித்தானே ஆரம்பித்தார்’ என்று தேற்றிக்கொண்டவர் அவர். இப்போது ஐம்பதுக்கு மேல் ஆரம்பித்தவர் யாராவது உண்டா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

நாவலுக்கு எல்லாம் தயார். தலைப்பு இருக்கிறது, ஒன்றுக்கு மூன்றாக இருக்கிறது. சமர்ப்பணம் அம்மாவுக்கு. முன்னுரை யாரிடம் வாங்கக் கூடாது என்பதுவரை முடிவாகிவிட்டது. மோவாயில் கை வைத்து ஜன்னலுக்கு வெளியே பார்க்கிற மாதிரி பின்னட்டைப் படம் எடுத்து எட்டு வருஷம் ஆகிறது. அதில் இருக்கிற தலைமுடி இப்போது இல்லை. விருது விழா ஏற்புரையில் ஓரிடத்தில் தொண்டை அடைக்க வேண்டும். அந்த இடத்தையும் குறித்து வைத்திருக்கிறார். பாக்கி, நாவல் ஒன்றுதான்.

ஏன் சார் இன்னும் எழுதவில்லை என்று கேட்டால், இடம் சரியில்லை என்பார்.

“சுந்தர ராமசாமிக்கென்ன சார், நாகர்கோவில்ல ஜவுளிக்கடை. கல்லாவுல உக்காந்து நாள்பூரா யோசிக்கலாம். நாஞ்சில் நாடனுக்கு ஊர் ஊராப் போற விற்பனை வேலை. ரயில்ல ஜன்னலோரம் உக்காந்தா கதை தானா வரும். அசோகமித்திரனுக்கு பார்க் பெஞ்ச் கிடைச்சுது. எனக்கு என்ன இருக்கு? மேல்வீட்ல கிரைண்டர் ஓடுது.”

அடுத்தவர் பட்ட பாடெல்லாம் அவர் கண்ணுக்கு வசதியாகத்தான் தெரியும். “வேலை பார்த்துவிட்டு மிச்ச நேரத்தில்தானே அவர்களும் எழுதினார்கள்” என்றேன். “அதைத்தான் சொல்றேன். அவங்களுக்கு மிச்ச நேரம் இருந்திருக்கு” என்றார்.

பூங்காவையும் ஒருமுறை பார்த்துவிட்டார். நோட்டும் பேனாவுமாகப் போனவருக்கு, நடைப்பயிற்சி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஐந்து பேர் கிடைத்தார்கள். முதல் பாகம் முழுவதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் வீடு திரும்பினார். வியாதியே இதுதான். டீக்கடையில் ஒருதரம், சலூனில் ஒருதரம் சொல்லியாகிவிடும். கேட்டவர் ‘அடடா!’ என்றதும் கையில் இருந்த தினவு அடங்கிவிடும். கூலியை முன்கூட்டியே வாங்கியாயிற்று. அப்புறம் எவன் வேலை செய்வான்?

ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை ‘வெண்முரசு’ வரிசையில் 26 நாவல்கள் எழுதினார். அதே காலத்தில் நம் நாவலரும் சும்மா இருக்கவில்லை. கதாநாயகியின் பெயரை இரண்டு தடவை மாற்றினார்.

ஆனால் ஆலோசனை சொல்வதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. எதிர்வீட்டுப் பையன் கல்லூரியில் படிக்கிறான். பஸ்ஸில் போகும்போது செல்போனில் கதை தட்டுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து நீட்டினான். நாவலர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

“தம்பி, முதல் பத்தியில சூரியன் உதிக்குது. அது தினமும்தான் உதிக்குது, எடுத்துடு. ரெண்டாவது பத்தியில அந்த அம்மா வாசல்ல கிடக்கிற செருப்பை எண்ணிப் பாக்குறாங்களே, அங்கதான் கதை ஆரம்பிக்குது. ‘துயரத்தில் ஆழ்ந்தாள்’னு எழுதியிருக்கே. ஆழ்ந்து என்ன பண்ணினா? அதை எழுது. உங்க பாட்டி ‘ஆகவே’ன்னு பேசுவாங்களா? எழுதினதை வாய்விட்டுப் படி. நாக்கு தடுக்குற இடத்தையெல்லாம் திருத்து. அப்புறம் பத்து நாள் அந்தப் பக்கமே போகாதே. பதினோராம் நாள் படிச்சா, வேற எவனோ எழுதின மாதிரி தப்பெல்லாம் பளிச்சுன்னு தெரியும். கடைசியில நீதி வேற சொல்லியிருக்கே. கைகழுவிட்டு வந்தவனைப் பிடிச்சு மறுபடி பந்தியில உக்கார வைக்காதே.”

பையன் சொன்னபடி செய்தான். மூன்றே மாதத்தில் ஒரு வார இதழில் கதை வந்தது. செருப்பை எண்ணுவதில்தான் ஆரம்பித்தது. நாவலர் படித்துவிட்டு, “நான் சொன்னதுல பாதியைத்தான் கேட்டிருக்கான்” என்றார். வாஸ்தவம். மீதிப் பாதி, ‘நல்ல இடம் அமையட்டும், காத்திரு’ என்பது.

ஜனவரி பிறந்தால் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போவார். வரும்போது எழுதுவது எப்படி என்று ஒரு புத்தகமும், கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டும் கையில் இருக்கும். போன வாரம் அவர் வீட்டில் அப்படிப்பட்ட ஒரு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் தலைப்பு. இரண்டாம் பக்கத்தில் சமர்ப்பணம். மூன்றாம் பக்கத்திலிருந்து அவர் மனைவி எழுதிய பால் கணக்கு. “சும்மாத்தானே கிடந்தது” என்றார் அந்த அம்மா, காபியை வைத்துக்கொண்டே.

14ஆம் தேதிக்கு நேரே இப்படி இருந்தது: ‘பால் வரவில்லை. நேற்று தண்ணீர் என்று சொன்னதில் கோபம்.’ 15ஆம் தேதி: ‘வந்தார். அரை லிட்டருக்கு மேல் ஒரு கரண்டி கூட ஊற்றினார். பேசவில்லை.’

இரண்டு ஆள், ஒரு மனஸ்தாபம், ஒரு கரண்டிப் பால். நோட்டில் இருந்த ஒரே கதை அதுதான். நாவலர் எட்டிப் பார்த்துவிட்டு, “என் நாவல் நோட்டைப் பாழாக்கிட்டா பாருங்க சார்” என்றார்.

எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாவலர் சொல்வதில் அந்தப் பையன் கேட்ட பாதியைக் கேளுங்கள், செய்வதைச் செய்யாதீர்கள். மேல்வீட்டுக் கிரைண்டர் பாட்டுக்கு ஓடட்டும், இன்றைக்கு அரைப் பக்கம் எழுதிவிடுங்கள். எழுதி முடிக்கும்வரை கதையை யாரிடமும் சொல்லாதீர்கள். முக்கியமாக எங்கள் தெரு டீக்கடையில் சொல்லவே சொல்லாதீர்கள். அங்கே நாவலர் இருப்பார். உங்கள் கதையைக் கேட்டுவிட்டு, நாலாவதாக ஒரு தலைப்பு யோசித்துவிடுவார்.