பாசியில் பை வருமா?

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் மோல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பாலிதீன் குருணைக்குப் பதில் கடல்பாசியை ஹாப்பரில் கொட்டினால் சாமான் வருமா?

பதில்: புகைதான் வரும். பாலிதீன் சூட்டில் உருகி, ஆறினால் இறுகும். பாசிப் பசை வெந்நீரில் கரைந்து, நீர் வற்றினால் படலமாகும். மொட்டைமாடியில் இலை வடாம் ஊற்றுவதற்குத்தான் இது நெருக்கம். ஆகவே தனி உலர்த்தும் வரிசை வேண்டும். இருக்கும் மெஷினிலேயே தொடங்க நினைத்தால், மக்காச்சோளம், கரும்பிலிருந்து வரும் பிஎல்ஏ பிளாஸ்டிக் குருணை ஓடும். ஈரம் போகக் காயவைத்துப் போடுங்கள். இல்லையேல் சாமான் நொறுங்கும்.

கேள்வி: ஆவின் பால் பாக்கெட்டைப் பாசியில் செய்யலாமே? (திருமுல்லைவாயில் வாசகி)

பதில்: பால் வாசலுக்கு வருமுன் பாக்கெட் ஊறி இளகிவிடும். 2019 ஜனவரி 1-ல் வந்த தமிழகப் பிளாஸ்டிக் தடையே பால் உறைக்கு விலக்கு தந்தது. சில நிமிஷமே தேவைப்படும் உறைக்குத்தான் பாசி பொருத்தம். அதே ஆண்டு லண்டன் மாரத்தானில் ஓடியவர்கள் பானத்தைப் பாசி உறையோடு விழுங்கினார்கள்.

கேள்வி: 'மக்கும் பை' என்று போட்டிருந்ததைப் பூந்தொட்டியில் புதைத்தேன். மாதக்கணக்காகியும் அப்படியே இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா? (ஆவடி வாசகர்)

பதில்: தொட்டி மண்ணில் போதிய சூடு இல்லை. 'மக்கும்' என்ற சான்று, 58 டிகிரி உரக்கிடங்கில் 180 நாளில் 90 சதவீதம் மக்குமா என்று பார்த்துத் தரப்படுவது. நம் ஊர்க் குப்பை அப்படிப்பட்ட கிடங்குக்குப் போகிறதா என்று நகராட்சியிடமும் மாநகராட்சியிடமும் கேட்க வேண்டும். கிடங்கு இல்லாமல் பையை மட்டும் மாற்றுவது வீண் செலவு. அதுவரை துணிப்பையே மேல்.

கேள்வி: கொரட்டூர் ஏரியில்தான் ஆகாயத்தாமரை மண்டிக்கிடக்கிறதே, பாசிக்காக ராமநாதபுரம் வரை ஏன் போக வேண்டும்?

பதில்: ஆகாயத்தாமரைத் தண்டில் நல்ல நார் உண்டு, கூடை, பாய், அட்டை எல்லாம் செய்யலாம். ஆனால் கழிவுநீரில் இருக்கும் உலோகங்களை அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சாப்பாட்டுத் தட்டு மட்டும் வேண்டவே வேண்டாம்.

பாசிப் பசை வேறு. அகர் என்ற பசை எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் பாம்பன், மண்டபம் பக்கத்துக் கடலில் விளைகின்றன. காலில் உலோகத் தட்டைக் கட்டிக்கொண்டு மூழ்கி எடுப்பவர்கள் பெண்கள். மிதவையில் வளர்க்கும் கப்பாபைகஸ் 45 நாளில் அறுவடைக்கு வரும். ஆனால் அது அயல்நாட்டுப் பாசி. குருசடைத் தீவில் பவளத்தின் மேலேயே படர்ந்தது. 2023-ல் வளமாவூர் பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அங்கே விலை பேசும் மேசையில் அந்தப் பெண்களுக்கு இடம் வேண்டும், பவளத்துக்குக் காவல் வேண்டும். இரண்டும் இல்லாமல் பாசிப் பையைப் 'பசுமை' என்று நான் எழுதமாட்டேன்.

கேள்வி: பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நானே செய்து பார்க்கலாமா? (பூந்தமல்லி மாணவி)

பதில்: தாராளமாக. மளிகைக்கடை சைனா கிராஸ்தான் அகர். தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டுக் கரை. மருந்துக்கடை கிளிசரின் கொஞ்சம் சேர், வளையும். எண்ணெய் தடவிய தட்டில் மெல்லிசாக ஊற்றிக் காயவை. வீட்டில் பெரியவர் ஒருவர் அடுப்பருகே இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வேண்டாம்; காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும்.