வாவிக்கரைக்கு வந்த உலகப்போர்

கேள்வி: இரண்டாம் உலகப்போர் தமிழர் வாழும் ஏரிக்கரை ஊர் எதையேனும் நெருங்கியதுண்டா?
– வாசகர், கந்தர்வக்கோட்டை

பதில்: நெருங்கியது மட்டுமன்று, கிழக்கிலங்கையின் மட்டக்களப்புக்கு எதிரே கடலடியில் தங்கியும் விட்டது. உங்கள் புதுக்கோட்டைச் சீமையின் கண்மாய் மழைநீரைத் தேக்குவது. மட்டக்களப்பைச் சூழ்ந்த வாவியோ, முகத்துவாரத்தின் வழியே கடலோடு கலக்கும் உவர்நீர்ப் பரப்பு. நிலவு இரவுகளில் அதில் மீன்கள் பாடும் என்ற நம்பிக்கையால் மட்டக்களப்பு 'மீன்பாடும் தேன்நாடு' ஆயிற்று.

1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கின. தாக்குதலை எதிர்பார்த்து முதல்நாள் இரவே அங்கிருந்து வெளியேறிய 'ஹெர்மிஸ்' என்னும் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல், மட்டக்களப்பு அருகே உளவு விமானத்தின் கண்ணில் பட்டது. விமானங்களைச் சுமப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட அக்கப்பலில் அன்று ஒரு விமானமும் இல்லை. அம்பில்லாத அம்பறாத்தூணியாக அது நின்றது. உயரத்திலிருந்து ஏறத்தாழச் செங்குத்தாகப் பாய்ந்து மிக அருகில் குண்டை விடுவிக்கும் பாய்ச்சல் விமானங்கள் சில நிமிடங்களிலேயே அதை மூழ்கடித்தன. 307 பேர் மாண்டனர். துணைக்கு வந்த 'வாம்பயர்' என்னும் ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் தப்பவில்லை.

போரின் நடுவிலும் மனிதத்தன்மை மறையவில்லை என்பதே இவ்வரலாற்றில் போற்றத்தக்கது: அருகே சென்ற 'வீட்டா' என்னும் மருத்துவக் கப்பலை ஜப்பானியர் தாக்காது விட்டமையால், அது ஏறத்தாழ 600 பேரைக் கடலிலிருந்து மீட்டது. ஐம்பது மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடக்கும் ஹெர்மிஸைக் காண, தேர்ந்த மூழ்காளர்கள் இன்றும் மட்டக்களப்புக்கு வருகின்றனர்.