பிளாக் பற்றிய பெருவிவாதம்

கபடியில் ‘பிளாக்’ என்பது, பாடி வந்தவர் நடுக்கோட்டுக்குத் திரும்பும் வழியில் குறுக்கே நின்று மார்பால் மறிப்பதையும், ‘டேஷ்’ என்பது அவரை எல்லைக்கோட்டுக்கு வெளியே மோதித் தள்ளுவதையும் குறிக்கும். புரோ கபடி லீக் தொடரில் ஆடும் தமிழ் தலைவாஸ் அணியை விட்டுப் போன தடுப்பாட்டக்காரர் எவரேனும், ‘அங்கே பிளாக் போடவே விடவில்லை’ என்று புதிய சீருடையில் வாய் திறந்துவிட்டால் போதும். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையிலும் சிதம்பரம் கீழவீதித் தேநீர்க் கடைகளிலும் விசாரணை மன்றங்கள் கூடி, நேற்றுவரை ‘நம்ம கவர்’ (நடுப்பகுதித் தடுப்பாளர்) என்று கொண்டாடப்பட்டவருக்குக் கணுக்கால் எது, முழங்கால் எது என்றே தெரியாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்துவிடும். தீர்ப்பளிப்போரில் பலர் கடைசியாகப் பிடித்தது பொங்கல் போட்டியில் எதிராளியின் பனியனைத்தான் என்பதும், ஆடையைப் பிடிப்பது விதிப்படி தவறு என்பதும் வழக்கில் சேர்க்கப்படுவதில்லை. பாடிச் செல்பவர்களுக்கு மட்டும் இம்மன்றம் சலுகை காட்டும்: 2022 ஏலத்தில் 2.26 கோடி ரூபாய்க்கு வந்த பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே காயமுற்று வெளியேறியபோது கிடைத்தது அனுதாபமே. அதன்பின் அவர் ஆடாத அந்தப் பருவத்தில்தான், 2017இல் தொடரில் சேர்ந்த தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதியை எட்டியது.